வெளிநாட்டில் பிளைட் இன்ஸ்ட்ரக்டர் வேலை: கிளம்புறதுக்கு முன்னாடி போட வேண்டிய பணக் கணக்கு

கல்விக் கடன் வீடியோ போட்ட பிறகு வந்த கேள்விகள்ல ஒண்ணுக்கு நாலு வரியில பதில் சொல்ல முடியல. அதனால தனிப் பதிவாவே எழுதிட்டேன்.

கேட்டவர் பெரம்பலூர் பக்கம் வாலிகண்டபுரத்துத் தம்பி. சென்னையில ஐ.டி. வேலை, சர்வீஸ் 4 வருஷம் 5 மாசம். அமெரிக்காவுல பைலட் பயிற்சி முடிச்சு, அங்கேயே இன்ஸ்ட்ரக்டரா வேலை பார்த்து மணிநேரம் சேர்த்துக்கிட்டுத் திரும்பணும்னு திட்டம். "அண்ணா, 40 லட்சம் லோன் எடுத்தா இன்ஸ்ட்ரக்டர் சம்பளத்துல அடைச்சிடலாம்னு சொல்றாங்க, நிஜமா?" இதுதான் கேள்வி. அப்பாவுக்கு மூணு ஏக்கர் நிலம், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். ஊர்ல ஒரு வீடு.

நான் பைலட் இல்ல, சி.ஏ. பறக்கிறதைப் பத்தி உங்க பயிற்சிப் பள்ளிகிட்ட கேளுங்க. பணத்தைப் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல இந்த வேலை எப்படிப்பட்டதுன்னு பார்ப்போம்

அமெரிக்காவுல ஏர்லைன் கேப்டன் ஆகத் தேவையான ஏ.டி.பி. லைசென்ஸுக்குப் பொதுவா 1,500 மணிநேரம் வேணும். 2013-ல இருந்து கோ-பைலட்டுக்கும் இதே விதி. கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கிறது 250 மணிநேரத்துல, சில பள்ளிகள்ல அதுக்கும் குறைவா. நடுவுல இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் மணிநேரத்தைச் சொந்தக் காசுல பறக்க யாராலும் முடியாது. அதனால புதுசா பாஸ் ஆனவங்களே அடுத்த பேட்சுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க. பள்ளிக்கு ஆள் கிடைக்குது, இவங்களுக்கு மணிநேரம் கிடைக்குது. சம்பளம் இதுல இரண்டாம் பட்சம்தான். நிறைய பள்ளிகள்ல மாசச் சம்பளமே கிடையாது, பறந்த மணிக்குத்தான் காசு. மழையோ பனியோ விமானம் ரிப்பேரோ, அன்னைக்குப் பூஜ்யம். ஒரு இன்ஸ்ட்ரக்டர் 24 மணிநேரத்துல 8 மணிநேரத்துக்கு மேல பறந்து சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னு அந்த ஊர் விதியே இருக்கு. அதனால நல்ல மாசத்துல ஓவர்டைம் பார்த்து ஈடுகட்டலாம்னும் நினைக்க முடியாது.

விசா தேதியையும் லோன் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க

யாரும் சொல்லாத விஷயம் இதுதான். பயிற்சிக்குப் போற விசா ரெண்டு வகை. எம்-1ல போனா, படிச்ச ஒவ்வொரு நாலு மாசத்துக்கும் ஒரு மாசம் கணக்குல வேலை அனுமதி, அதிகபட்சம் 6 மாசம். எஃப்-1ல போனா படிப்புக்கு அப்புறம் ஓ.பி.டி. அனுமதி 12 மாசம். அந்தக் காலத்துல மொத்தமா 90 நாளுக்கு மேல வேலை இல்லாம இருந்தா விசா நிலைமையே போயிடும். அதுக்கப்புறம் எச்-1பி பார்த்துக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க. எச்-1பிக்குப் பட்டம் கட்டாயமான வேலையா இருக்கணும். இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்ல, அதனால அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

இப்ப லோன் பக்கம் வாங்க. அரசு வங்கிகளோட வழக்கமான கல்விக் கடன்ல படிப்புக் காலம், அதுக்கப்புறம் ஒரு வருஷம், அதுவரைக்கும் ஈ.எம்.ஐ. கட்ட வேண்டாம். கேட்கச் சுகமா இருக்கும். ஆனா படிப்பு முடிஞ்சு 12 மாசத்துல ஓ.பி.டி. முடியுது, அதே 12 மாசத்துல கடனோட விடுமுறையும் முடியுது. டாலர் வரவு நிக்கிற மாசமும் ஈ.எம்.ஐ. ஆரம்பிக்கிற மாசமும் ஒண்ணு!

தொகையையும் பார்த்துடுவோம். 40 லட்சம், 10.5% வட்டி, 24 மாசம் எதுவும் கட்டலன்னா வட்டி மட்டும் 8.4 லட்சம் வரைக்கும் சேரும். தவணையா டிஸ்பர்ஸ் ஆனா இது கொஞ்சம் குறையும். 48.4 லட்சத்துக்கு 10 வருஷ ஈ.எம்.ஐ. சுமார் ₹65,300. வட்டியை மாசாமாசம் கட்டிக்கிட்டே வந்தா ஈ.எம்.ஐ. ₹54,000 கிட்ட நிக்கும். மாச வட்டி ₹35,000. டாலர் ₹85னு வெச்சா 412 டாலர்.

வரவுக்கு ஒரு உதாரணம் போடுவோம். பறக்கும் மணிக்கு 25 டாலர், நல்ல மாசத்துல 70 மணிநேரம். 1,750 டாலர் வருது. குளிர் மாசத்துல 35 மணிநேரம்தான்னா 875 டாலர். அதுல வட்டிக்கு 412 போக மீதி 463. வாடகை, சாப்பாடு, கார் இன்சூரன்ஸ் எல்லாம் இதுக்குள்ள வராது. அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: இன்ஸ்ட்ரக்டர் வருமானம் வட்டியைத் தாங்கும், அதுவும் நல்ல மாசங்கள்ல. அசலைத் தாங்காது.

மணிநேரக் கணக்கையும் போட்டுப் பாருங்க. பத்து மாசம் 70, ரெண்டு மாசம் 35ன்னா 770 மணிநேரம். கையில 300 இருந்தா மொத்தம் 1,070. 1,500ஐத் தொடல. இந்தியா திரும்பி வந்தா டி.ஜி.சி.ஏ. பரீட்சை எழுதி லைசென்ஸை மாத்தணும். ஏர்லைன்னா டைப் ரேட்டிங் செலவு தனி, அதுவும் லட்சக்கணக்குல. அந்த இடைக்காலத்துல ஈ.எம்.ஐ. ஓடிக்கிட்டே இருக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே ஆறு ஈ.எம்.ஐ. தொகை, ₹3.9 லட்சம் கிட்ட, இந்தியாவுல எஃப்.டி.யா இருக்கணும். அதைத் தொடக் கூடாது. அதைச் சேர்க்க முடியாதுன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.

அடமானம்: நிலம் இருக்குன்னா போதாது

7.5 லட்சத்துக்கு மேல போனா பொதுவா அரசு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். "மூணு ஏக்கர் இருக்கே"ன்னு அப்பா சொல்லுவார். விவசாய நிலத்தை இந்த மாதிரி கடனுக்கு வங்கிகள் விரும்பி எடுக்கிறதில்ல. காரணம் 2002ம் வருஷ சர்ஃபேசி சட்டத்தோட 31வது பிரிவு. கடன் வாராக்கடன் ஆனா, கோர்ட்டுக்குப் போகாம சொத்தை எடுத்து விற்கிற அதிகாரம் விவசாய நிலத்துக்குச் செல்லாது.

ஆக, வங்கி கண்ணு வைக்கிறது வீட்டு மேல. கிராமத்து வீட்டுல வேற சிக்கல். நிறைய வீடு நத்தத்துல இருக்கும், பட்டா தாத்தா பேர்லயே இருக்கும், பெரியப்பா சித்தப்பா யாரும் பாகப்பிரிவினை எழுதியிருக்க மாட்டாங்க. வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் தேத்தி, வங்கி வக்கீல் ஒத்துக்கவே மாசக்கணக்கு ஆகும். அட்மிஷன் லெட்டர் வந்த பிறகு ஓடினா முடியாது. இந்த அவசரத்துலதான் பலர் அடமானம் கேட்காத தனியார் கடன் நிறுவனத்துக்குப் போறாங்க. அங்கே வட்டி கூடுதல், படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்லுவாங்க, அப்பா இணைக் கடனாளி. நீங்க கட்டலன்னா அவரோட சிபில் ஸ்கோரும் விழும். அடுத்த வருஷம் அவர் டிராக்டருக்கோ தங்கச்சி படிப்புக்கோ கடன் கேட்டா அது முன்னால வந்து நிக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதை அப்பாகிட்ட உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்க. தம்பி ஏதோ நல்லதுக்குத்தான் கேட்கிறான்னு படிக்காமலே போட்டுடுவாரு.

80இ வரிச் சலுகை இருக்கேன்னு ஒரு சமாதானம் சொல்லுவாங்க. வட்டிக்கு உச்ச வரம்பு இல்லாத சலுகைதான், 8 வருஷம் வரைக்கும் கிடைக்கும். ஆனா பழைய வரி முறையில மட்டும். இந்தியாவுல வரி கட்டுற வருமானம் இருக்கிறவருக்குத்தான் அதுல லாபம். அப்பாவோட விவசாய வருமானத்துக்கு வரியே இல்ல, உங்களுக்கு அந்த வருஷங்கள்ல இங்க வருமானமே இல்ல. கணக்குல இதைப் பூஜ்யம்னு போடுங்க.

கட்டணம் அனுப்பும்போது டி.சி.எஸ். பத்தி ஒரு வரி. 2025-26 விதிப்படி, வங்கி மாதிரி அங்கீகரிச்ச நிறுவனத்தோட கல்விக் கடன்ல இருந்து போற பணத்துக்கு டி.சி.எஸ். இல்ல. சொந்தச் சேமிப்புல இருந்து கல்விக்குப் போனா 2025-26-ல 10 லட்சத்துக்கு மேல 5% இருந்துச்சு. வங்கியில நோக்கம் என்னன்னு குறிக்கிற இடத்துல கல்வின்னு சரியா போடுங்க, இல்லன்னா 20% பிடிச்சிடுவாங்க. பிடிச்சாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனா அதுவரைக்கும் காசு மாட்டிக்கும்.

ராஜினாமா தேதியை இப்பவே குறிக்காதீங்க

4 வருஷம் 5 மாசம். இன்னும் 7 மாசம் இருந்தா 5 வருஷம். தொடர்ச்சியா 5 வருஷம் முடியாம பி.எஃப். எடுத்தா வரி உண்டு, முடிஞ்சா இல்ல. முன்னாடி கம்பெனி பி.எஃப்.பை மாத்தியிருந்தா அந்தச் சர்வீஸும் சேரும். கிராஜுவிட்டிக்கும் 5 வருஷம்தான். பேசிக் ₹30,000ன்னா 15/26 கணக்குல ஐந்து வருஷத்துக்கு ₹86,500 கிட்ட வரும். 4 வருஷம் 240 நாள் போதும்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, எல்லா ஹெச்.ஆரும் அதை ஒத்துக்க மாட்டாங்க.

அந்த 7 மாசம் வீண் இல்ல. முதல் வேலை மெடிக்கல். டி.ஜி.சி.ஏ. கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. இந்த ரெண்டும் கையில வர்ற வரைக்கும் எந்தப் பள்ளிக்கும் அட்வான்ஸ் கட்டாதீங்க, ரீஃபண்ட் உண்டுன்னு சொன்னாலும் கட்டாதீங்க. கண்ணோ காதோ ஈ.சி.ஜி.யோ ஏதாவது ஒண்ணு நிறுத்தினா, உங்களுக்குப் போறது மெடிக்கல் ஃபீஸ் மட்டும். வீட்டுப் பத்திரம் பீரோவுலயே இருக்கும்.

இன்சூரன்ஸும் வேலையில இருக்கும்போதே பாருங்க. நம்ம ஊர் விபத்து பாலிசிகள்ல வழக்கமா ஒரு வரி இருக்கும்: விமானத்துல பயணியா போனா கவர் உண்டு, வேற வகையில பறந்தா இல்ல. இன்ஸ்ட்ரக்டர் பயணி இல்ல! டெர்ம் பாலிசி எடுக்கும்போது பறக்கப் போறதை விண்ணப்பத்துலயே எழுதுங்க, பிரீமியம் கூடினாலும் பரவாயில்ல. 50 லட்சம் கடனுக்கு அப்பா இணைக் கடனாளியா இருக்கும்போது, மறைச்சு எடுத்த பாலிசி யாருக்கும் உதவாது. மெடிக்கல் போய் லைசென்ஸ் நின்னா ஈடு தர்ற காப்பீடும் உண்டு. வேலையில சேரும்போது பள்ளி அதைக் கொடுக்குதான்னு கேளுங்க.

என்.ஆர்.ஐ. ஆகிற தேதி

இது ஏற்கெனவே லைசென்ஸ் வெச்சிருந்து நேரா வேலைக்குக் கிளம்புறவங்களுக்கு முக்கியம். இந்தியக் குடிமகன் வேலைக்காக வெளிநாடு போற வருஷத்துல, இங்க 182 நாளுக்குக் குறைவா இருந்தா என்.ஆர்.ஐ. ஏப்ரல் 1-ல இருந்து எண்ணினா செப்டம்பர் 28 வரைக்கும் 181 நாள். 28க்குள்ள ஏறிட்டா அந்த வருஷ வெளிநாட்டுச் சம்பளம் இந்திய வரிக்கு வெளியே. அக்டோபர்ல ஏறினா அந்த வருஷம் நீங்க ரெசிடென்ட், அங்க வாங்கினதையும் இங்க காட்டணும். அங்க கட்டின வரிக்குக் கிரெடிட் உண்டு. ஆனா யு.ஏ.இ. மாதிரி சம்பளத்துக்கு வரியே இல்லாத நாடுன்னா கிரெடிட்டும் இல்ல, முழு வரி இங்கதான். லெப்பைக்குடிக்காட்டுப் பக்கம் வளைகுடாவுல வேலை பார்க்கிற குடும்பங்களைக் கேட்டா இந்த 182 நாள் கணக்கை விரல்விட்டுச் சொல்லுவாங்க. படிக்கப் போறவங்களுக்கு இந்த வேலைக்கான சலுகை பொருந்தும்னு நினைச்சுக்காதீங்க. ஆனா ஃபெமா சட்டத்துல, 2003 டிசம்பர்ல ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி வெளிநாட்டுல படிக்கிற மாணவரும் என்.ஆர்.ஐ.தான். அதனால சம்பள அக்கவுண்ட்டை என்.ஆர்.ஓ.வா மாத்தணும், டாலர் அனுப்ப என்.ஆர்.இ. தனியா திறக்கணும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்க வரி இல்ல. பழைய பி.பி.எஃப். முதிர்வு வரைக்கும் ஓடலாம், நீட்டிக்க முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் கே.ஒய்.சி.யையும் மாத்துங்க.

அமெரிக்கச் சம்பளச் சீட்டுல ஒரு விஷயம் பாருங்க. எஃப்-1ல இருக்கிறவங்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருஷம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. சின்னப் பள்ளிகள் தெரியாம 7.65% பிடிச்சிடுவாங்க. கேட்டுத் திரும்ப வாங்குங்க. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இன்னொண்ணு: இரு நாட்டு வரி ஒப்பந்தம் 21வது பிரிவுப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும், 2024க்கு அது 14,600 டாலர். மத்த நாட்டு மாணவர் பெரும்பாலானவங்களுக்கு இது இல்ல. கூடப் படிக்கிற நண்பனோட ரிட்டர்னைப் பார்த்துக் காப்பி அடிச்சா இதை விட்டுடுவீங்க. 1040-என்.ஆர். படிவத்தோட 8843ம் போகணும்.

கையெழுத்துக்கு முன்னாடி

கனடா போறவங்களுக்கு: அங்க கிளாஸ் 4ல ஆரம்பிக்கணும், சீனியர் இன்ஸ்ட்ரக்டரோட மேற்பார்வையிலதான் வேலை. அப்படிப்பட்டவர் அந்தப் பள்ளியில இருக்காரான்னு விசாரிங்க.

எந்த நாடா இருந்தாலும் வேலைக் கடிதத்துல மாசத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணிநேரத்துக்குக் காசு உறுதின்னு தேடுங்க. பெரும்பாலும் இருக்காது, அப்ப கடிதத்துல இருக்கிற மணி ரேட்டுக்கு அர்த்தம் பாதிதான். தரை வகுப்புக்குக் காசு உண்டா, பாண்ட் எத்தனை மாசம், நடுவுல போனா எவ்வளவு கட்டணும்னு எழுத்துல வாங்குங்க. "பயிற்சி முடிச்சா இன்ஸ்ட்ரக்டர் வேலை கேரண்டி"ன்னு புரோஷர்ல இருந்தா, அதே வரி ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க. இங்க ஏஜென்ட் மூலமா வேலைக்குப் போறீங்கன்னா அவர் வெளியுறவு அமைச்சகத்துல பதிவு பண்ணினவரா இருக்கணும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ₹30,000, ஜி.எஸ்.டி. தனி. அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க, அங்கேயே பேச்சு முடிஞ்சிடும்.

வாலிகண்டபுரம் தம்பிக்கு: மெடிக்கல் ரிசல்ட் வந்ததும் வீட்டுப் பட்டா நகலையும் சேர்த்து அனுப்புங்க, லோன் கணக்கை உங்க எண்ணிக்கையிலயே போட்டுப் பார்த்துடலாம்.