வரி வரியாய் ஒரு மடல்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

1978 பிப்ரவரி 16-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர் ஒரு கணினி அறிவிப்புப் பலகையைத் தொடங்கினர். வீட்டுக் கணினியை மோடம் வழியே தொலைபேசியுடன் இணைத்து, அதில் செய்தி எழுதலாம். பிறர் எழுதியதைப் படிக்கலாம்.

அக்கால மோடம் விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே அனுப்பும். வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட திரை நிரம்ப 64 விநாடி ஆகும்! ஒரு வரிக்கோ மூன்று விநாடி போதும். ஆகவே அங்கு வரித் தொகுப்பியே ஏற்றதாயிற்று.

இதில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. முடித்த வரிக்கு மேலேறிச் செல்ல இயலாது. ஐந்தாம் வரியில் பிழையெனில், அவ்வெண்ணைக் கூறி அதை மட்டும் திருத்த வேண்டும். கட்டளைகள் பெரும்பாலும் ஓரெழுத்தே: திருத்த 'ஈ', முழுவதும் பார்க்க 'எல்', சேமிக்க 'எஸ்'. சேமிக்குமுன் தொடர்பு அறுந்தால் உழைப்பு வீணாகிவிடும்!

சிகாகோ பலகைக்கு ஒரே தொலைபேசி இணைப்பு. ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆதலால் எழுதுமுன் சிந்திப்பதே பிறர்க்குச் செய்யும் உதவியாயிற்று. விரைவான கருவிகள் வாய்த்த இன்றும் அப்பழக்கம் நமக்கு நல்லதன்றோ?