திராட்சை ஜூஸில் சாயம்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி: சின்னமனூர் – கம்பம் சாலையில் சின்னதாக ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். சுருளி அருவிக்கு வருபவர்களும், சீசனில் குமுளி வழியாகச் சபரிமலை போகும் பக்தர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். பன்னீர் திராட்சை விலை ஏறினால், பிழிந்த சாற்றோடு வெளியூர் மொத்தக் கடையில் வாங்கிய திராட்சை சிரப்பையும் கலப்பேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்துப் போனார். 'ரோடமின்-பி உள்ளது, பாதுகாப்பற்ற உணவு' என்று இப்போது அறிக்கை வந்திருக்கிறது. நான் எந்தச் சாயமும் சேர்க்கவில்லை. திராட்சையின் கறையைச் சாயம் என்று தவறாக எழுதியிருப்பார்களா? மறுபரிசோதனை கேட்கலாமா? சிறைக்குப் போக நேருமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அறிக்கை உங்கள் கைக்கு வந்த தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் தேனி மாவட்ட நியமன அலுவலரிடம் படிவம் 8-இல் மேல்முறையீடு செய்யலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 46(4) பிரிவு தரும் உரிமை இது. இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர், நீங்கள் விடாதீர்கள்.

மறுபரிசோதனைக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. எடுத்த மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் பாதுகாப்பில் இருக்கும், நான்காவதை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கடைக்கு அலுவலர் வந்தபோதே அந்த நான்காவது பாகத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். பெரும்பாலான சிறு கடைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதே என் வருத்தம். போகட்டும், மேல்முறையீடு ஏற்கப்பட்டால் நியமன அலுவலரிடம் உள்ள பாகங்களில் ஒன்று மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று. அங்கே வரும் முடிவே இறுதி.

அறிக்கையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, ஆய்வகம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா, முத்திரை சரியாக இருந்ததா, 14 நாட்களுக்குள் அறிக்கை தரப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேகி நூடுல்ஸ் வழக்கில் 2015 ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்ததற்கு, அங்கீகாரமில்லாத ஆய்வகங்களின் அறிக்கைகளை நம்பியதும் ஒரு காரணம். ஆனால் சில நாள் தாமதம் என்ற ஒன்றை மட்டுமே பிடித்துக்கொண்டு வழக்கை நடத்த வேண்டாம்.

திராட்சைக் கறை வாதத்தையும் நான் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டேன். ஜூஸில் சாயம் பார்ப்பதற்கு வெள்ளைக் கம்பளி நூலை அமிலம் சேர்த்த மாதிரியில் போட்டுச் சூடாக்குவது பழைய முறை. செயற்கைச் சாயம் நூலில் ஏறும். அதைப் பிரித்தெடுத்து மறுபடி புது நூலில் ஏற்றினாலும் பிடிக்கும். பழத்தின் இயற்கை நிறம் அந்த இரண்டாம் சுற்றில் நிற்பதில்லை. அதோடு, திராட்சையின் நிறம் காரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். ரோடமின்-பி புற ஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும். பிறகு குரோமட்டோகிராபியில் அசல் சாயத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் இந்தச் சாயம் பழத்திலிருந்து வரவே வராது. பஞ்சுமிட்டாயில் இது இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. கார்மோசின், டார்ட்ரசின் போன்ற அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கை நிறங்களின் பட்டியலிலும் இது இல்லை. ஆகவே அளவு குறைவு என்ற பேச்சுக்கும் இடமில்லை.

உங்கள் வழக்கின் உயிர் அந்த சிரப்பில் இருக்கிறது. 26(4) பிரிவின்படி, விற்பவர் தரும் பில்லே பொருளின் தரத்துக்கான உத்தரவாதமாகக் கருதப்படும். யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரே பொறுப்பு என்கிறது 27-ஆம் பிரிவு. பில் இருந்தால் எடுத்து வையுங்கள். துண்டுச்சீட்டு மட்டும்தான் என்றால், ஜிபே பதிவு, பார்சல் சர்வீஸ் ரசீது, கேனில் உள்ள லேபிள், உரிம எண் என எல்லாவற்றையும் சேருங்கள். அவை உத்தரவாதம் ஆகா, ஆனால் மூலத்தைக் காட்டும்.

நீங்கள் சிரப்பை அப்படியே விற்கவில்லை, சாற்றோடு கலந்தீர்கள். அதனால் 80-ஆம் பிரிவின் தற்காப்பைக் கோரும்போது, கலந்ததால் அந்தச் சாயம் வரவில்லை என்றும், வாங்கும்போது நியாயமான கவனம் எடுத்தீர்கள் என்றும் காட்ட வேண்டும். அடையாளமில்லாத கேனை மலிவாக வாங்கியிருந்தால் இது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்டனை பற்றி: பாதுகாப்பற்ற உணவால் யாருக்கும் பாதிப்பு ஏற்படாத நிலையில், 2023 திருத்தத்துக்குப் பிறகு, அதிகபட்சம் 3 மாதச் சிறையும் 3 லட்ச ரூபாய் வரை அபராதமும். இது உச்ச வரம்புதான். சிறைத் தண்டனைக்குரிய குற்றமாதலால், உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. அந்த அனுமதிக்கு முன்பே உங்கள் விளக்கமும் ஆவணங்களும் நியமன அலுவலரிடம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

பலகையில் 'கம்பம் பன்னீர் திராட்சை ஜூஸ்' என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. சிரப்பை அந்தப் பெயரில் விற்பது, அதைப் பாடுபட்டு விளைவிக்கும் இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்குச் செய்யும் துரோகம். தவறான பெயரிடல் என்ற தனிக் குற்றச்சாட்டாகவும் வரும்.

பயந்துபோய் மீதி சிரப்பைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். விற்கவும் கூடாது. பிரிக்காத கேன் ஒன்றாவது இருந்தால், அதிலிருந்து மாதிரி எடுக்குமாறு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள்.