சூளையில் ஒழுங்குபெறும் அணுக்கள்

செம்பனைத் தோட்டங்களுக்கிடையே வளர்ந்த நகரம் புஞ்சாக் ஆலாம். அங்குள்ளவர்கள் கைப்பேசியில் பேசும்போது அவர்களின் குரல் நுண்ணலையாகத் தொலைத்தொடர்புக் கோபுரத்தை அடைகிறது. பல அலைகள் கலந்து வரும் அவ்விடத்தில், தேவையான அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இப்பணிக்கு உதவும் வடிகட்டிகள் பலவற்றில் சிறப்புவகைப் பீங்கான் துண்டுகள் பயன்படுகின்றன. அவற்றுள் ஒரு வகை, பெரோவ்ஸ்கைட் அமைப்புடைய பீங்கான்.

1839-இல் உரால் மலைப்பகுதியில் கிடைத்த ஒரு கனிமத்திற்குக் குஸ்தாவ் ரோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், ரஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். பின்னர், அதே அணு அமைப்புடைய பொருள்கள் அனைத்தும் அப்பெயரைப் பெற்றன. இவ்வமைப்பில் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ, நடுவில் ஓர் உலோக அணு அமர்ந்திருக்கும்.

பேரியம், துத்தநாகம், டாண்டலம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த பீங்கானில், அந்நடு இடங்களைத் துத்தநாகமும் டாண்டலமும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. அவை தாறுமாறாகவும் அமரலாம். பள்ளிச் சபைகூடலில் மாணவர்கள் நிற்பதுபோல, ஓர் அடுக்கில் துத்தநாகம், அடுத்த இரண்டு அடுக்குகளில் டாண்டலம் என ஒழுங்காகவும் அமரலாம். எப்படி அமரும் என்பதைத் தயாரிப்பு முறையே பெரிதும் முடிவு செய்கிறது.

பொதுவாக, மூலப்பொருள்களை அரைத்துக் கலந்து, அழுத்தி வடிவமைத்து, சூளையில் சுடுவார்கள். 1983-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்பீங்கானை 1,350 பாகை செல்சியஸில் 120 மணி நேரம் சுட்டனர். ஐந்து நாள் சூட்டுக்குப்பின் அணுக்களின் ஒழுங்கு மேம்பட்டது. அலை இழப்பும் குறைந்தது. இழப்பு குறையக் குறைய உயரும் 'தரக்காரணி', 12 கிகாஹெர்ட்ஸில் 14,000-ஐ எட்டியது.

இதற்குக் காரணம் என்ன? திடப்பொருளுக்குள் அணுக்கள் எளிதில் இடம்பெயர்வதில்லை. வெப்பம் அவற்றுக்கு நகரும் ஆற்றலைத் தருகிறது. நீண்ட நேரம் தகுந்த இடத்தை அடைய வாய்ப்பளிக்கிறது. ஆனால், வெப்பம் அளவுகடந்தால் துத்தநாகம் ஆவியாகி வெளியேறும். அணுக்களின் ஒழுங்கும் குலையும்.

எல்லாப் பயன்பாட்டிற்கும் ஒழுங்கே சிறந்தது என்றும் கூறிவிட முடியாது. ஈயம், ஸ்காண்டியம், டாண்டலம் சேர்ந்த பெரோவ்ஸ்கைட்டை 1980-இல் செட்டர், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்தனர். தகுந்த வெப்பநிலையில் நெடுநேரம் வைத்திருந்தபோது அணுக்கள் ஒழுங்குபெற்றன. அப்போது, அதன் மின்பண்பு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென மாறியது. ஒழுங்கற்ற நிலையிலோ, அம்மாற்றம் பரந்த வெப்பநிலை எல்லையில் படிப்படியாக நிகழ்ந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வேறொரு வழியைக் காட்டினர். அதே பொருளைக் கடினமான உருண்டைகளோடு சேர்த்து வேகமாக அரைத்தபோது, அணுக்களின் ஒழுங்கு குலைந்தது.

ஆகவே, மூலப்பொருளும் அளவும் ஒன்றாக இருந்தாலும், அரைக்கும் முறையும் சுடும் நேரமும் மாறினால் பொருளின் பண்பும் மாறுகிறது. நீண்ட நேரம் சுட எரிசக்தி மிகுதியாகச் செலவாகும். அவசரப்பட்டால் தரம் குறையும். இவ்விரண்டையும் சீர்தூக்கி, பயனுக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுப்பதே பொருளறிவியலாளரின் பணியாகும்.