பொய்யும் மனிதத்தன்மையும்: காணொளி விளையாட்டில் பினோக்கியோவின் மறுவாக்கம்

கார்லோ கொலோடியின் ‘பினோக்கியோ’ 1883இல் நூல்வடிவம் பெற்றது. அதில் பொய்யுரைத்தால் மூக்கு நீளும். நன்னடத்தையே மரப்பாவையைச் சிறுவனாக்கும். 2023இல் தென்கொரியாவிலிருந்து வெளிவந்த ‘லைஸ் ஆஃப் பி’ இவ்வறத்தைத் தலைகீழாக்குகிறது. பாவைகளுக்குப் பொய் விலக்கப்பட்ட உலகில், நாயகன் பொய்யுரைக்குந்தோறும் மனிதத்தன்மையை நெருங்குகிறான்.

மறுவாக்கம் தமிழுக்குப் புதிதன்று. ஆரணியை உள்ளடக்கிய திருவண்ணாமலை மாவட்டத்தில் வழங்கிவரும் தெருக்கூத்து மரபின் ‘கர்ண மோட்சம்’, வியாச பாரதத்தில் இடம்பெறாத பொன்னுருவியைக் கர்ணனின் மனைவியாகக் களத்தில் நிறுத்துகிறது. ஆயின் அங்கு மாந்தரை மாற்றுவோர் ஆசிரியரும் கலைஞருமே, காண்போர் சாட்சியர். விளையாட்டிலோ, வடிவமைப்பாளர் வகுத்த எல்லைக்குள், ஆடுவோரே பொய்யா மெய்யா எனத் தேர்ந்து அதன் விளைவையும் ஏற்கின்றனர். சிறார் கதையின் நீதி இவ்வாறு போதனையிலிருந்து தேர்வுக்கு இடம்பெயர்கிறது. எனவே ஆடுவோரின் தேர்வும் பனுவலின் பகுதியாகவே ஆராயப்பெறல் வேண்டும்.