அலையால் எழுதும் வண்ண ஓவியம்

திரைப்படக் கொட்டகையில் வெண்டிரையின்மேல் விழும் வடிவங்களை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். ஆங்கு நிகழ்வது யாது? விளக்கின் முன்னமைந்த கருவி ஒளியை வேண்டிய இடத்திற்கு விடுத்து, வேண்டா இடத்திற்குச் செல்லாது விலக்குகின்றது. ஆதலின், இருள் மிக்க படமாயின் விளக்கொளியிற் பெரும்பகுதி வீணாம். இருளுக்குரிய இடத்து ஒளியையும் ஒளிக்குரிய இடத்திற்கே திருப்பிவிடல் கூடுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா. கூடும் என்பதே அறிவியலின் விடை.

இதற்கு அடிப்படை அலைகளின் கலப்பாகும். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி நீர்த்தேக்கத்தில், காற்றடங்கிய வேளையில், இரு கோல்களால் நீரை ஒரே தாளத்தில் தட்டுவோமாயின், இருவகை வட்ட அலைகள் எழுந்து தம்முட் கலக்கும். முகடும் முகடும் கூடுமிடத்து நீர் மிக எழும். முகடும் பள்ளமும் கூடுமிடத்து அடங்கும். ஒரு கோலைச் சற்றுப் பிந்தித் தட்டினால், எழுமிடமும் அடங்குமிடமும் பெயர்ந்துவிடும். அலையின் தாழ்ப்பை ஆள்வோர் அது கூடுமிடத்தையும் ஆள்வர் என்பது இதனாற் பெறப்படும்.

ஒளியும் அலையே. திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமன், நாகேந்திரநாத் என்பாருடன் 1935-ஆம் ஆண்டு பெங்களூரில் இருந்து வெளியிட்ட கொள்கை இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டிற்று. திரவத்தினூடு ஓடும் ஒலியலை அதனை ஓரிடத்து நெருக்கியும் ஓரிடத்துத் தளர்த்தியும் செல்லும். நெருங்கிய இடத்து ஒளி தாழ்த்து வரும். ஆகவே, சமனாய்ப் புகுந்த ஒளியலை மடிப்புற்று வெளிப்பட்டுப் பல கிளைகளாய்ப் பிரியும். ஒளியை மறியாமல் தாழ்த்தியே திருப்பலாம் என்பதற்கு இது சான்றாம்.

1948-ஆம் ஆண்டு டெனிஸ் கேபர் என்பார், பொருளினின்று வரும் ஒளியலையை மற்றோர் அலையொடு கலந்து பதிக்கும் ஹோலோகிராம் முறையை வெளியிட்டார். 1960-இல் லேசர் ஒளி தோன்ற, அம்முறை வலுப்பெற்றது. 1966-இல் பிரவுன், லோமன் என்னும் இருவர், பொருள் இன்றியும் கணிப்பொறியின் கணக்கால் ஹோலோகிராம் அமைக்கலாம் எனக் காட்டினர்.

அக்கணக்கை ஒளியின்மேல் ஏற்றுங் கருவியே ஒளிப் பண்பேற்றி. இவற்றுள் ஒரு வகையில், ஒரு மில்லிமீட்டரில் 125-இல் ஒரு பங்கு அகலமுடைய 20 இலட்சத்திற்கு மேற்பட்ட அறைகள் திரவப் படிகத்தால் அமைந்துள்ளன. மின்னழுத்தத்திற்கேற்ப ஒவ்வோர் அறையும் தன்மேல் விழும் ஒளியைச் சிறிது தாழ்த்தும். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லா அறைகளினின்றும் ஒளி செல்லும். ஆகையால் சில அறைகள் பழுதுறினும் படத்தில் ஓட்டை விழாது. தெளிவு சிறிது குறையும், அவ்வளவே.

இனி, வண்ணத்தை நோக்குவாம். அருவித் திவலையில் வானவில் தோன்றுங்கால், நீலத்தினும் சிவப்புக் குறைவாகவே திரும்பும். பண்பேற்றியிலோ நெட்டலையாகிய சிவப்பே மிகத் திரும்பும். மூன்று மீட்டர் தொலைவிலுள்ள திரையில், மேற்கூறிய கருவி சிவப்பொளிக்கு ஏறத்தாழ 24 சென்டிமீட்டரும், பச்சைக்கு 20-உம், நீலத்திற்கு 17-உம் அகலமான இடத்தையே தரும். ஒரே கணக்கை மூன்றற்கும் இட்டால் மூன்று படங்களும் பொருந்தாமல் ஓரங்களில் வண்ணம் சிதறும். எனவே நீலத்தின் எல்லைக்குள் அடங்குமாறு மூன்றற்கும் வெவ்வேறு கணக்கிட்டு, அவற்றைக் கண் பிரித்தறியா விரைவில் மாறி மாறிக் காட்டுவர். லேசர் ஒளியால் மணல் தூவினாற்போலத் தோன்றும் புள்ளிகளையும், வெவ்வேறு கணக்காற் பெற்ற படங்களை விரைந்து அடுக்கிக் காட்டியே தணிப்பர்.

மாணவர்காள்! இதன் தொடக்கத்தைக் காணப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. சிறிய சிவப்பு, பச்சை லேசர் விளக்குகளைக் குறுந்தகட்டின் ஓரிடத்தில் ஒரே சாய்விற் செலுத்திச் சுவரை நோக்குமின். நேரே திரும்பிய புள்ளிக்கு அப்பால் கிளைத்த புள்ளிகளுள், சிவப்புப் பச்சையினும் விலகி நிற்கும். அவ்வொளியும் அதன் பிரதிபலிப்பும் கண்ணிற் படாதவாறு காத்தல் இன்றியமையாதது. அளவுகோல்கொண்டு அவ்விலகலை அளந்து, அலைநீளத்தைக் கணக்கிட்டுப் பார்மின். பண்பேற்றி விலை மிக்கது; கணக்கோ எவர்க்கும் உரியது. வெள்ளிமலைச் சிற்றூரில் இருப்பாரும் அதனைக் கற்றுத் தேர்தல் கூடும். பிறர் ஆக்கிய கருவியைக் கண்டு வியப்பதோடு அமையாது, அதன் உள்ளுறையை உணர்ந்து மேலும் ஆக்க முற்படுதலே கல்வியின் பயனாகும்.