பொம்மை முன்னால் கை ஏன் நடுங்குகிறது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு மலையில் உள்ள தலைச்சோலை. சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். வார்டு போஸ்டிங்கில் பி.பி. பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் சிமுலேஷன் லேபில் பொம்மை முன்னால் நின்றால் கை நடுங்குகிறது. நன்றாகத் தெரிந்த மருந்தின் அளவுகூட மறந்துபோகிறது. 'ஒழுங்காகப் படித்திருந்தால் நடுங்காது' என்கிறார்கள் சீனியர் அக்காக்கள். உயிருள்ள நோயாளியிடம் வராத பயம் பொம்மையிடம் எப்படி வருகிறது?

பதில்: பொம்மை திட்டாது. சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து சண்டை போடாது. அதைப் பார்த்தா பயம் என்று மற்றவர்கள் சிரிக்கலாம். பாடம் நடத்துகிறவர்கள் சிரிக்கக் கூடாத கேள்வி இது.

முதலில் அக்காக்களின் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். படிக்காததுதான் காரணம் என்றால் வார்டிலும் உங்களுக்கு மருந்தின் அளவு மறந்திருக்க வேண்டும். அங்கே மறக்கவில்லை. படிப்பு அதேதான், ஆளும் நீங்களேதான், மாறியது இடம். காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும்.

'பொம்மை நிஜம் போல இல்லை, அதனால்தான். விலை கூடிய பொம்மை வாங்கினால் சரியாகிவிடும்' என்று சில நிர்வாகங்கள் நினைப்பதுண்டு. கண் சிமிட்டும், மூச்சு விடும் பொம்மைகள் பல லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காக, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்துகொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என்று பெயர் பெற்ற அந்த அம்மாளுக்குக் கண் சிமிட்டத் தெரியாது, பேசத் தெரியாது. ஆனாலும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும், படுக்கையிலேயே குளிப்பாட்டவும் பல தலைமுறைச் செவிலியர் அவரிடம்தான் கற்றார்கள். 1960இல் நார்வேயின் லேர்டால் நிறுவனம் கொண்டுவந்த 'ஆன்' பொம்மை, நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்கும் முறையை உலகத்துக்கே பழக்கியது. அந்த நிறுவனமும் அதற்கு முன் குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்ததுதான்! நம் தொழிலுக்குப் பொம்மைக்காரர்களிடம் உள்ள கடன் கொஞ்சமல்ல.

சரி, உண்மையான காரணம் என்ன? நம் செயல் நினைவு, அதாவது இந்த நிமிடத்தில் வேலை செய்யத் தேவையானதை மட்டும் பிடித்து வைத்திருக்கும் நினைவு, மிகச் சின்னது. ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் தாங்காது. வார்டில் அதில் பெரும்பகுதி நோயாளிக்குக் கிடைக்கிறது. லேபில் அந்த இடத்தை வேறு கேள்விகள் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பொம்மைக்கு நாடி எங்கே துடிக்கும்? நிஜமாகவே ஊசியைக் குத்த வேண்டுமா, குத்துவதாகச் சொன்னால் போதுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் என்ன எழுதுகிறார்? இதற்கு மார்க் உண்டா? தோழிகள் பார்க்கிறார்களே? இவ்வளவும் உள்ளே வந்தபிறகு மருந்தின் அளவுக்கு எங்கே இடம்?

பொம்மையின் குறைகளும் இதில் சேரும். பெரும்பாலான பொம்மைகளுக்கு முகம் வெளுக்காது, கை சில்லிடாது. நாடி குறிப்பிட்ட சில இடங்களில்தான் தெரியும். அதைச் சொல்லித்தராமல் விட்டால், மாணவி தவறான இடத்தில் விரலை வைத்து, 'நாடி இல்லை' என்று நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுவாள். அதை அவளுடைய அறியாமை என்று குறித்து வைப்பது அநியாயம்.

இதற்கான மருந்துதான் பிரீ-பிரீஃபிங், அதாவது பயிற்சி தொடங்குமுன் நடக்கும் ஆயத்தப் பேச்சு. ஏற்காட்டுக்குப் பொருந்துகிற ஒரு பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவமான தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி லிட்டரோ அதற்கு மேலோ போனால் அது பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு. இதற்கென்றே 'மாமா நேட்டலி' என்று விலை குறைந்த ஒரு பொம்மை உண்டு. ஓர் ஆசிரியை அதை வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்து, அவரே தாயாகப் பேசுவார். பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழியும். ஆயத்தப் பேச்சில் ஆசிரியை சொல்ல வேண்டியவை இவை: கருப்பை இங்கே தொட்டால் தெரியும், ஆக்சிடோசின் இந்தத் தட்டில் இருக்கிறது, ஊசியை இந்த மெத்தைத் துண்டில் போடுங்கள், டாக்டரைக் கூப்பிட இந்த போன், நீங்கள் மூவர், இன்னார் எழுதுகிறவர், நேரம் இவ்வளவு, இதற்கு மார்க் இல்லை. பிறகு மாணவிகளை அறைக்குள் விட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவிட வேண்டும்.

'இவ்வளவும் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சோதனை?' என்று கேட்கிற ஆசிரியர்கள் உண்டு. புதிய பஸ்ஸை எடுத்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிற டிரைவருக்குப் பிரேக்கையும் ஹாரனையும் காட்டினால், அவருக்காக வளைவுகளை யாரோ ஓட்டிக்கொடுத்ததாக ஆகுமா? கருப்பை இளகிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பதும், உடனே தேய்த்துவிடுவதும், சேலத்துக்கு அனுப்ப 108ஐ எப்போது அழைப்பது என்று முடிவெடுப்பதும் மாணவியிடமே இருக்கின்றன. சோதனை அதில்தான்.

ஆயத்தப் பேச்சில் இன்னொரு பங்கும் உண்டு. நம் கல்லூரிகளில் அடிக்கடி விட்டுப்போவது அதுதான். இருதரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். 'முடிந்தவரை நிஜம் போல் அமைத்திருக்கிறோம். குறை இருந்தால் கேளுங்கள்' என்பது ஆசிரியர் பக்கம். 'நிஜம் என்றே எண்ணி நடந்துகொள்கிறோம்' என்பது மாணவி பக்கம். உள்ளே நடந்த தவறு அறைக்கு வெளியே போகாது என்பது இருவருக்கும் பொது. நம் ஊரில் மதியம் லேபில் நடந்தது இரவுக்குள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வந்துவிடுமே! அந்தப் பயம் இருக்கும்வரை யாருடைய கையும் நடுங்கத்தான் செய்யும். பயிற்சிக்கு வருகிற எவரும் திறமையும் அக்கறையும் உள்ளவரே என்று முதலிலேயே நம்பிக்கொண்டு தொடங்க வேண்டும் என்பதை பாஸ்டன் நகரிலுள்ள மருத்துவச் சிமுலேஷன் மையம் ஒரு விதியாகவே வைத்திருக்கிறது.

முறையாக நடத்தினால் பலன் நிச்சயம். அமெரிக்க மாநிலங்களின் செவிலியர் வாரியங்களுக்கான தேசியக் கவுன்சில் 10 கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றியும் மாணவிகளின் அறிவோ திறமையோ குறையவில்லை. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நடந்ததை உட்கார்ந்து அலசினார்கள். நம் இந்திய செவிலியர் கவுன்சிலும் 2021இல் அறிவித்த புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சிமுலேஷனைச் சேர்த்திருக்கிறது. பாடத்திட்டத்தில் வந்துவிட்டது, ஆயத்தப் பேச்சுக்கு டைம்டேபிளில் நேரம் ஒதுக்குவது கல்லூரியின் கையில்.

என் சொந்த ஆதங்கம் ஒன்று. பொம்மைக்குப் பின்னாலிருந்து வரும் குரல் ஏன் ஆங்கிலத்தில் பேச வேண்டும்? 'சிஸ்டர், தலை சுத்துது, கண்ண இருட்டிக்கிட்டு வருது' என்று பேசட்டும். நீங்கள் நாளை வேலை பார்க்கப்போகிற மலைக் கிராமத்துத் தாய் அப்படித்தான் சொல்வாள்.

உங்கள் பங்குக்கு, முதல்நாள் இரவு புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டாம். அந்தப் பயிற்சிக்கு வேண்டிய இரண்டு மூன்று மருந்துகளின் அளவையும், டாக்டரிடம் போனில் சொல்லவேண்டிய வரிசையையும் (இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு வேண்டியது) வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லேபில் செய்வதையும் நினைப்பதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். உடனிருப்பவர்கள் உதவ அதுதான் வழி. கொஞ்சம் படபடப்பு மிச்சமிருந்தால் இருக்கட்டும், அது கவனத்தைக் கூட்டும். அடுத்த பயிற்சிக்குப் போகும்போது மேடத்திடம் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பொம்மையால் என்ன முடியும், என்ன முடியாது? என் வேலை எது? இதற்கு மார்க் உண்டா? கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது ஆசிரியரின் கடமை.