மூச்சு சொல்லும் செய்தி

டுரியான் பருவத்தில் பழக்கடை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே மூக்கு நமக்கு வழிகாட்டிவிடும். அடுப்பில் சோறு அடிப்பிடித்தால் கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். கெட்டுப்போன குழம்பை நாவில் வைக்காமலேயே, “இது ஆகாது” என்று பாட்டி ஒதுக்கிவிடுவார். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத செய்திகளை மூக்கு இவ்வாறு நமக்குச் சொல்கிறது. அப்படியானால், உடலுக்குள் ஒளிந்திருக்கும் நோயையும் மணத்தால் கண்டறிய முடியுமா?

முடியும் என்பதைப் பழங்கால மருத்துவர்களே அறிந்திருந்தனர். நோயாளியின் நாடியைப் பார்ப்பதைப் போலவே அவரது மூச்சின் வாடையையும் அவர்கள் கவனித்தனர். நீரிழிவு நோய் முற்றியவரின் மூச்சில் கனிந்த பழத்தின் வாடை வீசலாம். சிறுநீரகம் செயலிழந்தவரின் மூச்சில் அமோனியாவின் நெடி இருக்கலாம். கல்லீரல் பழுதுற்றவரின் மூச்சில் பூஞ்சணம் கலந்த இனிப்பு வாடை தோன்றலாம். ஆனால், நோய் மிகவும் முற்றிய பிறகே மனித மூக்கால் இந்த வேறுபாட்டை உணர முடிகிறது. நோயின் தொடக்கத்திலேயே அதை அறிய, நம் மூக்கைவிடக் கூர்மையான ஒரு கருவி தேவைப்படுகிறது.

மூச்சில் என்ன இருக்கிறது?

நாம் வெளிவிடும் காற்றின் பெரும்பகுதி நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமிலவாயு, நீராவி ஆகியவையே. இவற்றோடு மிக மிகச் சிறிய அளவில் வேறு பல பொருள்களும் கலந்திருக்கின்றன. 1971ஆம் ஆண்டில், அமெரிக்க அறிவியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் மனித மூச்சைக் குளிரூட்டிய குழாயில் சேகரித்து ஆராய்ந்தனர். அதில் ஏறக்குறைய 250 வகைப் பொருள்கள் இருப்பதைக் கண்டு அறிவியல் உலகம் வியந்தது.

இப்பொருள்கள் மூச்சுக்குள் எப்படி வருகின்றன? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இடைவிடாமல் இயங்குகிறது. அப்போது உண்டாகும் சில வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைகின்றன. அங்குள்ள காற்றறைகளின் சுவர்கள் மிகவும் மெல்லியவை. ஆகவே, எளிதில் ஆவியாகும் பொருள்கள் அவற்றைக் கடந்து மூச்சில் சேர்ந்துவிடுகின்றன.

உடலின் இயக்கம் மாறினால் மூச்சில் கலக்கும் பொருள்களும் மாறும். எடுத்துக்காட்டாக, இன்சுலின் போதாதபோது உடலால் சர்க்கரையைச் சரிவரப் பயன்படுத்த முடியாது. அதற்கு மாற்றாக அது கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் உண்டாகும் அசிட்டோன் மூச்சில் மிகுந்துவிடும். முன்னர்க் கண்ட கனிந்த பழ வாடைக்கு இதுவே காரணம்.

மின்மூக்கு எப்படி இயங்குகிறது?

மின்மூக்கைப் புரிந்துகொள்ள, முதலில் நம் மூக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். மனித மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகைகளில் உள்ளன. ஒரு மணத்திற்கு ஓர் ஏற்பி என்ற கணக்கு இங்கே இல்லை. ஒரே மணம் பல ஏற்பிகளைத் தூண்டும். எவையெல்லாம் தூண்டப்பட்டன என்பதைக் கொண்டு, “இது மல்லிகை”, “இது கருவாடு” என்று மூளை முடிவு செய்கிறது. தமிழில் 247 எழுத்துகளே உள்ளன. ஆயினும் அவற்றைச் சேர்த்து எண்ணற்ற சொற்களை உருவாக்குகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1982ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ண பெர்சாத், ஜார்ஜ் டாட் ஆகிய இருவரும் இதே முறையில் இயங்கும் ஒரு கருவியை உருவாக்கினர். அதில் மூன்றே உணரிகள் இருந்தன. ஆயினும், அது பலவகை மணங்களைப் பிரித்தறிந்தது.

மின்மூக்கில் உள்ள உணரிகள் பெரும்பாலும் உலோக ஆக்சைடு போன்ற பொருள்களால் ஆனவை. மூச்சில் உள்ள வேதிப்பொருள்கள் உணரியின்மீது படும்போது அதன் மின்தடை சற்று மாறுகிறது. ஒவ்வோர் உணரியும் வெவ்வேறு அளவில் மாறுவதால், எல்லா உணரிகளும் சேர்ந்து ஒரு கோலத்தைத் தருகின்றன. இதனை மூச்சின் கைரேகை என்றே சொல்லலாம். நோயுற்றோர், நலமுள்ளோர் ஆகிய இரு சாராரின் மூச்சுக் கோலங்களையும் கணினிக்கு முன்கூட்டியே பழக்கிவிடுகின்றனர். புதிதாக ஒருவர் ஊதும்போது, அவரது கோலம் எந்தப் பிரிவோடு ஒத்துப்போகிறது என்பதைக் கணினி கணிக்கிறது.

இஸ்ரேலின் டெக்னியன் கழகத்தைச் சேர்ந்த ஹொசாம் ஹைக் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. அதில் 1,404 பேரின் மூச்சு ஆராயப்பட்டது. நுரையீரல் புற்றுநோய், பார்க்கின்சன் நோய் உள்ளிட்ட 17 நோய்களைக் கருவி சராசரியாக 86 விழுக்காடு சரியாகப் பிரித்தறிந்தது. நுரையீரல் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. இருமலும் மூச்சுத்திணறலும் வந்து மருத்துவரை நாடும்போது காலம் கடந்துவிடுவதுண்டு. வலியின்றி, ஊசியின்றி, ஒரே மூச்சில் அதை முன்னரே அறிய முடிந்தால் எத்தனையோ குடும்பங்களின் துயரம் குறையும்.

சிங்கப்பூரில் ஒரு முயற்சி

கொவிட்-19 பரவிய காலத்தில் சிங்கப்பூரிலும் மூச்சுப் பரிசோதனை முயன்று பார்க்கப்பட்டது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற பிரீத்தானிக்ஸ் நிறுவனம், ஒரு நிமிடத்தில் முடிவு தரும் முறையை உருவாக்கியது. அது உணரிகளைப் பயன்படுத்தவில்லை; மூச்சிலுள்ள மூலக்கூறுகளின் எடையை அளந்து அவற்றை இனங்கண்டது. 2021 மே மாதத்தில் அதற்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. துவாஸ் சோதனைச்சாவடியில் அதைச் சோதித்துப் பார்க்கத் திட்டமிடப்பட்டது. தொற்று இருக்கலாம் என்று கருவி காட்டினால், அதை உறுதிசெய்ய மூக்கில் குச்சிவிட்டு எடுக்கும் பிசிஆர் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது அப்போதைய விதி.

கருவியே முடிவு சொன்ன பிறகு, மறுபடியும் எதற்குப் பரிசோதனை? ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் கருவி ஒன்று நம்மிடம் உள்ளது. அது நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். நோயற்ற 990 பேரில் 99 பேருக்கு நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லும். ஆக, கருவி சுட்டிக்காட்டும் 108 பேரில் உண்மையான நோயாளிகள் ஒன்பது பேர்தான்! எஞ்சியோர் வீணாக அஞ்சி நடுங்குவர். தவறவிடப்பட்ட அந்த ஒருவரோ, தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பி இருந்துவிடுவார். ஆகவே, மின்மூக்கின் முடிவு நோயைத் தேடத் தொடங்கும் இடமே தவிர, இறுதித் தீர்ப்பன்று.

வேறு இடர்ப்பாடுகளும் உள்ளன. காலையில் உண்ட வெங்காயம், புகைப்பழக்கம், உட்கொண்ட மருந்து, அறையில் உள்ள காற்று ஆகிய யாவும் மூச்சின் கோலத்தை மாற்றக்கூடும். மூச்சிலுள்ள ஈரப்பதமும் உணரிகளைக் குழப்பும். நாளடைவில் உணரிகளின் கூர்மையும் மாறிவிடும். இவற்றையெல்லாம் கடந்தால்தான் மின்மூக்கு ஆய்வகத்தை விட்டு வெளியேறி மருந்தகத்தின் மேசைக்கு வர முடியும்.

நாம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை மூச்சுவிடுகிறோம். ஒவ்வொரு மூச்சும் நம் உடலைப் பற்றிய ஒரு செய்தியைச் சுமந்து சென்று காற்றில் கலக்கிறது. அந்தச் செய்தியைப் படிக்க அறிவியல் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் பழகி வருகிறது. அதைப் பிழையின்றிப் படிக்கக் கற்கும் பணியை நாளை நீங்கள்கூட ஏற்கலாம்.

சிந்திப்போம்

1. மின்மூக்கு மனித மூக்கை எவ்வகையில் ஒத்திருக்கிறது?
2. “மின்மூக்கின் முடிவு இறுதித் தீர்ப்பன்று.” இக்கருத்தைப் பனுவலில் உள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
3. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கலாம் என்று மூச்சுப் பரிசோதனை காட்டினால், நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள்? ஏன்?